மேலேயா, கீழேயா?

அத்தியாயம் 14

போன வாரம் தம்பி போனில் போட்ட கூச்சலை நீங்களும் கேட்டீர்கள். "அக்கா, எட்டு ஜெயிச்சாச்சு! கடைசி சாம்பிளும் உடையலை!" அந்தக் கூச்சலில் அடைத்துக்கொண்ட காது, மறுநாள் காலை தலை துவட்டும்போதும் அக்காவுக்கு முழுசாகத் திறக்கவில்லை.

அதற்காக அவள் வருத்தப்படவும் இல்லை. ஆறு வருஷம் காத்திருந்து கேட்ட சேதி. ஒரு காது போனாலும் போகட்டும் என்றுதான் இருந்தாள்.

எட்டு என்பது அவள் பெற்ற பிள்ளை இல்லை. ஆனால் அதை யாராவது குறை சொன்னால் பெற்றவளுக்கு வருகிற கோபம் வரும். டைட்டானியம் உருக்காலையில் எதை எவ்வளவு சேர்ப்பது என்று தீர்மானிக்கிறவள் அவள். வெறும் டைட்டானியம் சாது. அலுமினியம் சேர்த்தால் விறைப்பு வரும், சூட்டையும் தாங்கும். மாலிப்டினம் சேர்த்தால் உலோகத்துக்குள் நெருக்கி ஒட்டிக் கிடக்கிற நுண்ணிய மணிகள் பொடிப்பொடியாகி ஒரு நெளிவுசுளிவு வரும். ஆனால் கனம் கூடும், சூட்டில் கொஞ்சம் சோர்ந்து போகும். அக்கா அலுமினியத்தைத் தாராளமாகவும் மாலிப்டினத்தைக் கிள்ளியும் போட்டுச் செய்த எட்டாவது கலவைதான் எட்டு.

அவளுக்கு அதில் பெரிய ஆசை ஒன்று இருந்தது. விமான இன்ஜினின் முன்பக்கம் காற்றை இழுக்கிற விசிறித் தட்டு சில்லென்று இருக்கும். பின்பக்கத் தட்டுகள் சூட்டில் கிடந்து வேகும். இரண்டுக்கும் ஒரே கலவை. "அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே அளவுல சட்டை தைக்கப் பார்க்கறீங்க மேடம்" என்று மேனேஜர்கூடக் கிண்டல் செய்திருக்கிறார். தைத்துக் காட்டுகிறேன் பாருங்கள் என்று சொல்லித்தான் ஆறு வருஷமும் ஓடியது.

இன்று மூன்று மணிக்கு இன்ஜின் கம்பெனியிலிருந்து பச்சைப் பேனா வருகிறாள். அந்த அம்மாள் பச்சை மையில் மட்டுமே கையெழுத்துப் போடுவாள். போட்டால் நாளைக்கே பெரிய உலை எரியும். போடாவிட்டால் எட்டு அலமாரிக்குப் போகும், அக்காவின் ஆறு வருஷமும் அதோடு போகும்.

கடலில் கப்பல் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற கணவருக்கு, "இன்னைக்குத்தான்" என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பிவிட்டு அவள் தம்பியின் சோதனைக்கூடத்துக்குக் கிளம்பினாள். உடையாத சாம்பிள்களை வாங்கிக்கொண்டு போய் மேஜையில் வரிசையாக வைத்துக் காட்ட வேண்டும் என்பது திட்டம்.

அங்கே போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தம்பியின் மனைவி. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். உடைந்த உலோகத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஏன் உடைந்தது என்று சொல்கிறவள். "வேலை நான் பார்க்கிறேன், அறிக்கையில கையெழுத்து மட்டும் அவர் போடுறார். நானும் போடணும்" என்று அவள் கேட்டாள். "குடும்பத்துக்குள்ள என்னம்மா தனிக் கையெழுத்து?" என்று அக்கா சொன்னாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

* * *

சோதனைக்கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கார் பழுது பார்க்கும் இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு நீளமான கூடம். நாலு புது மெஷின், பின்னால் பெயின்ட் உரிந்த பழைய மெஷின் ஒன்று, ஓரமாகக் கண்ணாடித் தடுப்புப் போட்ட மைக்ராஸ்கோப் அறை.

"வா வா வா! ராணி வந்தாச்சு!" என்றான் தம்பி. நாற்பது வயசாகியும் சந்தோஷம் வந்தால் நின்ற இடத்தில் நிற்கத் தெரியாத ஆள். "ஒண்ணுகூட உடையலைக்கா. நானும் என்னென்னவோ பார்த்தாச்சு, இப்படி ஒரு சரக்கை இந்த மெஷின் பார்த்ததே இல்லை."

"போதும்டா, கண்ணு பட்டுடப்போகுது."

"படட்டும். இந்தா, இது ஒண்ணு இன்னும் ஓடுது பாரு. கணக்குக்கு எப்பவோ முடிஞ்சிடுச்சு. அழகுக்காக ஓட விட்டிருக்கேன்."

அக்கா மெஷின் முன்னால் நின்றாள். விரல் நீளத்துக் கம்பி, நடுவில் இடுப்பு மெலிந்தது. மேலேயும் கீழேயும் பிடித்துக்கொண்டு மெஷின் அதை இழுத்தது. இழுத்து விடும், மறுபடி இழுக்கும். ஒரு கம்பியைக் கையில் வைத்து முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடிகிறதே, அந்த உலோகக் களைப்பைத்தான் இங்கே அளந்து பார்க்கிறார்கள். விமானம் ஒவ்வொரு முறை ஏறும்போதும் விசிறித் தட்டு இப்படி ஒரு இழுப்பைத் தாங்க வேண்டும்.

திரையில் பாரம் ஏறியது. உச்சிக்குப் போனது. போன வேகத்திலேயே சரசரவென்று இறங்கி, அடியில் வந்து அசையாமல் நின்றது.

"என்னடா நின்னுடுச்சு?"

"நிக்கலைக்கா, நிறுத்தியிருக்கு. ரெண்டு நிமிஷம். நீ சொன்னதுதான்."

அக்கா திரையைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"பாரம் எங்கடா?"

"இறக்கியாச்சே."

"இறக்கிட்டா நிறுத்துறே?"

"பின்னே? ஏத்தி வச்சுட்டு யாராவது நிறுத்துவாங்களா? மெஷினை நிறுத்துன்னா முதல்ல பாரத்தை இறக்கணும். இங்கே வேலைக்குச் சேர்ற எவனுக்கும் நான் முதல் நாள் சொல்ற பாடமே அதுதான்." அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "நீ போன்ல, 'ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிஷம் நிறுத்து'ன்னே. சரி, பாவம், இரும்பா இருந்தாலும் கொஞ்சம் ஓய்வு வேணும்போலன்னு நிறுத்தினேன்."

அக்கா கைப்பையை மெஷின் ஓரமாக வைத்தாள்.

சொன்னது அவள்தான். உலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, போனில் கத்தியிருந்தாள். ஊரில் இருக்கிற மற்ற வாடிக்கையாளர்கள் எல்லோரும் சோதனை விவரத்தைப் படம் போட்டு, அளவு போட்டு எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் தம்பி மெஷினைத் தொடவே மாட்டான். அக்காவிடம் மட்டும் கேட்கவில்லை. கூடப் பிறந்தவளிடம் எழுதி வாங்குவதா என்று அவனும், கூடப் பிறந்தவனுக்கு எழுதித் தருவதா என்று அவளும் விட்டுவிட்டார்கள். உறவு நெருக்கமாக இருந்ததால் வந்த வினை இது.

"ஏத்தின பாரத்தோட, உச்சியிலேயே வச்சுப் பிடிச்சிருக்கணும்டா. அப்படியே ரெண்டு நிமிஷம். அதுக்கப்புறம்தான் இறக்கணும்."

தம்பியின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. "அதனால என்ன ஆகிடப்போகுது? பாரம் அதேதானே?"

என்ன ஆகும் என்று இந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். டைட்டானியத்துக்குள் இருக்கிற மணிகள் எல்லாம் ஒரே குணம் இல்லை. ஒன்று இளகினது, அதை ஒட்டியே இன்னொன்று விறைத்தது. சட்டென்று ஏற்றி இறக்கினால் இரண்டும் பங்கு போட்டுத் தாங்கிவிடும். பாரத்தோடு பிடித்து வைத்தால்தான் சிக்கல். இளகினது நைசாக நழுவிக்கொள்ளும்; பாரம் மொத்தமும் விறைத்ததன் தலையில் விடியும். கூட்டுக் குடும்பத்தில் ஒருத்தர் மெதுவாகக் கழன்றுகொண்டால் மிச்சமிருக்கிறவர் பாடு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் விறைத்தது உள்ளுக்குள்ளேயே பிளக்கும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது.

மாலிப்டினம் நிறைய இருந்தால் மணிகள் சின்னதாகி, இந்த நழுவல் நடக்க இடமே இருக்காது. எட்டில் அதைக் கிள்ளிப் போட்டவள் யார்? இவள்தான்.

"அப்போ மறுபடி ஓட்டணுமா?"

"மூணு மணிக்கு அந்தம்மா வருதுடா."

"ஐயோ" என்றான் தம்பி.

அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. சின்னவள் நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"அண்ணி, உள்ளே வாங்க. ஒண்ணு காட்டணும்."

ஒரு மாதத்துக்கு மேல் கழித்து அவள் வாயிலிருந்து வந்த முதல் அண்ணி அது.

* * *

மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் கம்பி இரண்டு துண்டாகக் கிடந்தது.

"இது எது?" என்றாள் அக்கா. கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எட்டுதான். பின்னாடி இருக்கிற பழைய மெஷின்ல நான் போட்டேன். பாரத்தோட உச்சியில பிடிச்சு வச்சு. நேத்து சாயங்காலம் உடைஞ்சுது. இவர் உங்ககிட்ட போன்ல குதிச்சிட்டு இருந்த நேரம். மத்தது ஓடினதுல கால்வாசிகூட ஓடலை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ!" என்றான் தம்பி வாசலில் நின்று.

"சொன்னேன். 'அந்த ஓட்டை மெஷின்ல என்னத்தையோ போட்டு விளையாடு'ன்னு நீங்கதான் சொன்னீங்க."

தம்பி திரும்பிப் பின்னால் இருந்த பழைய மெஷினைப் பார்த்தான்.

"நேத்தே ஏன் சொல்லலை?" என்று கேட்டாள் அக்கா.

"மேல்தோல் கீறல்ல ஆரம்பிச்சு உடைஞ்சிருந்தா அது நான் கம்பியைத் தேய்ச்சதுல இருக்கிற தப்பு. உங்க கலவை மேல பழி போடக் கூடாதில்லை? அதனால விடியும்போதே வந்து பார்த்தேன். நீங்களே பாருங்க."

அக்கா குனிந்து கண்ணை வைத்தாள். உடைந்த முகம் பெரிதாகத் தெரிந்தது. ஓரம் முழுக்கச் சுத்தம். நடுவில், தோலுக்கு வெகு உள்ளே, கண்ணாடிச் சில்லு போலத் தட்டையாக, வழவழவென்று சில இடங்கள் பளபளத்தன. அங்கிருந்துதான் விரிசல் விசிறி மாதிரி வெளியே விரிந்திருந்தது.

அவள் நிமிரச் சற்று நேரம் ஆனது. ஆறு வருஷமும் அந்தச் சில்லுகளில் உட்கார்ந்திருந்ததே, எப்படி உடனே நிமிர முடியும்?

"பாரத்தோட பிடிக்கணும்னு உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. நிறுத்துன்னா மேலேயா, கீழேயான்னு இவர்கிட்ட கேட்டேன். 'அக்கா நிறுத்துன்னு சொல்லிட்டா, அவ்வளவுதான்'னார். சரின்னு உங்களுக்கே போன் பண்ணேன்."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான் அண்ணி. 'எதுவா இருந்தாலும் அவன்கிட்டயே பேசிக்கோ'ன்னு சொல்லிட்டு நீங்க வச்சிட்டீங்க."

நினைவுக்கு வந்தது. கையெழுத்துச் சண்டைக்கு மறுநாள். எதற்குக் கூப்பிட்டாள் என்றுகூடக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள், கொஞ்சம் கெஞ்சட்டும் என்று நினைத்து வைத்ததும் நினைவுக்கு வந்தது. அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது.

தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். "அக்கா, நிதானமா யோசி. உடைஞ்சது ஒண்ணே ஒண்ணு. அதுவும் பழைய மெஷின். கோணலாப் பிடிச்சிருக்கும்."

"நேர் பார்த்துட்டுத்தான் போட்டேன்" என்றாள் சின்னவள்.

"நீ சும்மா இரு. அக்கா, ஒண்ணை வச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாதுன்னு நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தே? இன்னைக்குக் கையெழுத்து ஆகட்டும். நான் இன்னைக்கே எல்லாத்தையும் மேலே பிடிச்சு ஓட்டறேன். தப்பா வந்தா அப்புறம் நைசா சொல்லிக்கலாம். இப்பவே போய்ச் சொன்னா லேப் பேர் நாறிப்போயிடும்க்கா. இவ்வளவு நாளா கீழே நிறுத்திக் கூத்தடிச்சிருக்கான்னு ஊரே சிரிக்கும்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அக்காவும் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்தப் பக்கம் சாய்ந்துதான் பார்த்தாள். பொய் சொல்ல மாட்டேன் என்கிறவர்கள்கூடச் சொல்லாமல் இருப்பதற்கு இடம் தேடுவார்கள்.

"ஒண்ணு உடைஞ்சது தற்செயலா இருக்கலாம்டா" என்றாள் கடைசியில். "ஆனா எங்கே உடையணுமோ அங்கே, எப்படி உடையணுமோ அப்படி உடைஞ்சிருக்கு. மாலிப்டினத்தை எவ்வளவு குறைச்சேன்னு எனக்குத் தெரியும். இதைப் பார்த்த பிறகு தெரியாத மாதிரி என்னால உட்கார முடியாது. யார் யாரோ ஏறி உட்காரப்போற விமானம்."

"லேப்?"

"நிறுத்துன்னு சொன்னது என் வாய். பேர் போனா முதல்ல என் பேர்தான் போகும், உன் பேர் பின்னாடி வரட்டும்." அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். "கனம்னு ஒதுக்கி வச்ச பதினொண்ணாவது கலவை இருக்கில்லை? அதுல மிச்சம் கிடக்கிற துண்டைக் கடைஞ்சு மெஷின்ல ஏத்து. இந்தத் தடவை எழுதித் தர்றேன். படம் போட்டுத் தர்றேன்."

நின்று, எழுதி, படமும் போட்டுக் கொடுத்தாள். பிறகு திரும்பினாள்.

"சின்னவளே, கிளம்பு. அந்த ரெண்டு துண்டையும் எடுத்துக்கோ."

"நானா?"

"உடைச்சது நீ. நான் எதுக்குத் தூக்கிட்டுப் போகணும்?"

* * *

கார் சிக்னலில் நின்றது. சின்னவள் மடியில் ஒரு சின்ன டப்பா. இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அறிக்கையில நீயே கையெழுத்துப் போடு" என்றாள் அக்கா, ரோட்டைப் பார்த்தபடி.

"இன்னைக்கு உங்களுக்கு வேலை ஆகணும்னு சொல்றீங்களா, நிஜமாவே சொல்றீங்களா?"

"ரெண்டும்தான்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஒரு மாசமா என்னை முழுப் பாரத்தோட பிடிச்சு வச்சிருந்தீங்க அண்ணி. எட்டா இருந்தா எப்பவோ உடைஞ்சிருக்கும்."

"நீ மாலிப்டினம்டி" என்றாள் அக்கா. "கனமும் ஜாஸ்தி."

"யாருக்குக் கனம்? எனக்கா?"

"தலைக்கனம்டி. எனக்கும் இருக்கு, ஒத்துக்கறேன். வண்டி நகருது, நேராப் பாரு."

உருக்காலை வாசலில் மேனேஜர் புதுச் சட்டையில் நின்றிருந்தார். பூங்கொத்து ஒன்று வேறு கையில். அக்கா அவரைத் தாழ்வாரத்து ஓரமாக அழைத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள். பூங்கொத்து மெல்லத் தாழ்ந்து அவர் முழங்காலுக்கு வந்தது.

"மேடம், தலையில இடியைப் போடாதீங்க. ரெண்டே ரெண்டு மணி நேரம். வாயை மூடிட்டு உட்கார முடியாதா?"

"முடியாது சார்."

"சரி, இந்தப் பொண்ணு யார்?"

"என் தம்பி மனைவி. உடைச்சது இவதான்."

மேனேஜர் சின்னவளைப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை. "குடும்பத்தோட கிளம்பி வந்துட்டீங்களா? அவங்க வரவேற்பறையில இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். டப்பா மட்டும் அக்கா கைக்கு மாறியது.

* * *

பச்சைப் பேனா வந்து உட்கார்ந்ததும் பேனாவின் மூடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அந்த அம்மாளுக்கு அது ஒரு பழக்கம். வேலையை முடிக்கத்தான் வந்திருக்கிறேன், சுற்றி வளைக்காதீர்கள் என்று அர்த்தம்.

"வாழ்த்துகள். ஒண்ணுமே உடையலைன்னு கேள்விப்பட்டேன்."

மேனேஜர் வாயைத் திறக்குமுன் அக்கா எழுந்தாள். "எட்டை வாங்காதீங்க மேடம்."

மேனேஜருக்குத் தண்ணீர் புரையேறியது.

அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. போனில் கத்தியதையும், தம்பி கீழே நிறுத்தியதையும், பாரத்தோடு பிடித்ததும் கம்பி இரண்டானதையும் சொன்னாள். டப்பாவைத் திறந்து வைத்தாள். குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. மனசு நடுங்கியது, அது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

பச்சைப் பேனா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "நான் இன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா?"

"அடுத்த வருஷம் உங்க இன்ஜினைத் தரையில கட்டி ஓட்டிப் பார்க்கிறப்போ தட்டு பிளந்திருக்கும். அதிர்ஷ்டம் இருந்தா."

"அதிர்ஷ்டம் இல்லைன்னா?"

அக்கா அந்தத் துண்டை வாங்கி டப்பாவில் திரும்ப வைத்தாள்.

"சரி. எட்டு வேண்டாம். என்ன வாங்கறது நான்?"

"பதினொண்ணு. மாலிப்டினம் மூணு மடங்கு."

"அது கனம்னு நாமளே ஒதுக்கி வச்சதாச்சே!" என்றார் மேனேஜர்.

"கனம்தான். சூட்டுலயும் எட்டு அளவுக்கு நிக்காது. ஆனா முன்பக்கத் தட்டுக்குச் சூடு எங்கே இருக்கு? அங்கே பாரத்தோட நின்னு பிடிக்கிற குணம்தான் வேணும், அது பதினொண்ணுகிட்ட இருக்கு." அக்கா மூச்சு விட்டாள். "முன்னாடியும் பின்னாடியும் ஒரே கலவைன்னு நினைச்சது என் பேராசை மேடம். எட்டு பின்பக்கத்துக்குப் போகட்டும். அந்தச் சூட்டுல எல்லா மணியும் சேர்ந்தே இளகிடும், இந்த நழுவல் வேலை நடக்காது. அதையும் பாரத்தோட பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் உங்ககிட்ட கொடுப்பேன்."

பச்சைப் பேனா யோசித்தாள். பிறகு பேனாவை எடுத்து மூடியைப் போட்டுத் திருகினாள்.

தெரிந்து செய்த காரியம்தான். இருந்தாலும் அந்த மூடி திருகுகிற சத்தம் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எட்டுக்கு இன்னைக்கு என் கையெழுத்து இல்லை" என்றாள் அந்த அம்மாள். "இதை உடைச்சது யார்?"

"என் தம்பி மனைவி. வெளியே உட்கார வச்சிருக்கோம்."

"ஏன் வெளியே?"

அக்கா விடுவிடுவென்று நடந்து போய், வரவேற்பறை நாற்காலியிலிருந்து சின்னவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

பச்சைப் பேனா சின்னவளை உட்காரச் சொன்னாள். கம்பியை எப்படித் தேய்த்தாள், எப்படி நேர் பார்த்தாள், வழவழப்பான சில்லுகள் எத்தனை, எவ்வளவு உள்ளே என்று கேட்டுக்கொண்டே போனாள். சின்னவள் தெரிந்ததைத் தெரியும் என்றாள், தெரியாததைத் தெரியாது என்றாள்.

"மேலே பிடிச்சு வைக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"ஏறின விமானம் ஏறின உடனே இறங்காதே மேடம். கொஞ்ச நேரமாவது மேலே ஏறிக்கிட்டேதானே இருக்கும்?"

அந்த அம்மாள் முதல் முறையாகச் சிரித்தாள். "பதினொண்ணைப் பார்க்கலாம். ஆனா உங்க குடும்ப லேப்ல இல்லை. அக்கா போன்ல சொல்லி, தம்பி காதுல வாங்கி நடக்கிற சோதனை எனக்கு வேண்டாம், கோவிச்சுக்காதீங்க. எங்க லேப்ல, எங்க மெஷின்ல. அதை நீங்க நடத்தணும்." விரல் சின்னவளை நோக்கி நீண்டது. "ஒரு வருஷம் எங்க ஊர்ல இருக்க வேண்டி வரும். அறிக்கையில உங்க கையெழுத்து, உங்களது மட்டும். முடிவு நல்லா இருந்தா நான் அதுக்குக் கீழே போடுறேன்."

"இவங்க வரலைன்னா?" என்று கேட்டார் மேனேஜர்.

"பதினொண்ணும் எட்டுக்குப் பக்கத்துலயே அலமாரியில இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் எழுந்துகொண்டாள். "நாளைக்கு எனக்குச் சொல்லுங்க."

* * *

தாழ்வாரத்தில் இரண்டு பேரும் ஜன்னலோரம் நின்றார்கள். கீழே முற்றத்தில் கிரேன் வெள்ளி நிறத்தில் ஒரு டைட்டானியக் கட்டியைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் போனது.

சின்னவள் போய்விட்டால் தம்பியின் கூடத்தில் மைக்ராஸ்கோப்பைத் தொட ஆள் கிடையாது. அந்தக் கூடமே அவள் கண்ணில்தான் நடந்துகொண்டிருந்தது என்று அக்காவுக்கு இன்றுதான் உறைத்தது. தம்பிக்கு ஒரு நாள் அவள் இல்லாவிட்டால் சட்டை பொத்தான் மாறிப்போகும். ஒரு வருஷம் என்றால் கேட்கவே வேண்டாம். போகாவிட்டால் பதினொன்று செத்தது. ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாத ஒருத்தியிடம், என் உழைப்பைக் காப்பாற்று என்று எந்த வாயால் கேட்பது?

அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அண்ணி, முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் சின்னவள். "நான் போனா, பதினொண்ணு உடைஞ்சா உடைஞ்சதுன்னுதான் எழுதுவேன். உங்க முகத்தைப் பார்த்து ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

"வருத்தப்படுவேன்" என்றாள் அக்கா. "உட்கார்ந்து அழுவேன். ஆனா நீ எழுதினதை நம்புவேன். அந்தம்மா கேட்கிறதுக்கு முன்னாடியே நான் உன்னைக் கேட்டிருக்கணும். நீ போ."

"நீங்களே போன்னு சொல்றீங்களா?"

"சொல்றேன்டி. போ."

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அக்காவும் உறிஞ்சிக்கொண்டாள். அந்த வழியாகப் போன மேனேஜர், கையில் பூங்கொத்தை என்ன செய்வதென்று தெரியாமல், அதை இரண்டு பேருக்கும் பொதுவாக ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

அப்போது சின்னவளின் போன் அடித்தது. திரையில் தம்பியின் முகம், வாயெல்லாம் பல்லாக.

"நான் போறதை நீங்களே சொல்லுங்க அண்ணி. உங்க தம்பிதானே" என்று அவள் போனை நீட்டினாள்.

"உன் புருஷன்டி" என்றாள் அக்கா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடிக்க ஆரம்பித்தது.